கொல்லிமலையப் பத்தி நீங்க கேட்டது: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கொல்லிமலை மேல இருக்கற சோளக்காடு சந்தையில பலாப்பழம் வாங்குன கதைய ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கேள்வில முக்கால்வாசி கொல்லிமலையப் பத்திதான், அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்கல. நான் பொறந்து வளந்தது மலையடிவாரத்துல, சேந்தமங்கலம் பக்கம். எங்க ஊர்ல சூரியன் அந்த மலையத் தாண்டித்தான் மேல வரணும். சின்ன வயசுல இருந்து பாத்துட்டு இருக்கற மலைங்கறதால பதில் கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

கேள்வி (சென்னை வாசகர்): அண்ணா, கார் ஓட்டக் கத்துக்கிட்டு ஒரு வருஷம்தான் ஆகுது. 70 கொண்டை ஊசி வளைவுன்னு சொல்றாங்க, யூடியூப்ல பாத்தே பயமா இருக்கு. மனைவிக்கு ஏற்காடு ஏறும்போதே வாந்தி வரும். போகலாமா வேணாமா?

பதில்: போகலாம் தம்பி, ஆனா முதல் தடவை நீங்க ஓட்ட வேணாம். நாமக்கல்ல இருந்தும் சேலத்துல இருந்தும் மலைக்கு பஸ் இருக்கு, அந்த டிரைவருங்க தினமும் ஏறி இறங்குறவங்க, அவங்க எந்த வளைவுல ஹாரன் அடிக்கறாங்க எங்க வண்டிய நிறுத்தி எதிர்ல வர்றவங்களுக்கு வழி விடறாங்கன்னு ஜன்னல் ஓரமா உக்காந்து பாத்துட்டு வாங்க, அடுத்த தடவை உங்க காரை எடுங்க. மலையடிவாரத்துல இருக்கற காரவள்ளியில ஆரம்பிச்சு ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட பலகை இருக்கும், அதைப் பாத்துட்டே வந்தா எவ்வளவு மீதின்னு தெரியும். ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குறவங்கதான் நின்னு வழி விடணும், இது தெரியாமதான் பாதி பேர் வளைவுல மாட்டிக்கறாங்க. இறங்கும்போது கியர நியூட்ரல்ல போட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே வரவே கூடாது, எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பிரேக் சூடாகி கருகுன வாடை வந்துச்சுன்னா ஓரமா இடம் பாத்து நிறுத்தி ஆற விட்டுட்டு அப்புறம் கிளம்புங்க.

வாந்திக்கு, வெறும் வயித்தோட ஏற வேணாம், வயிறு முட்டவும் சாப்பிட வேணாம், ரெண்டு இட்லி போதும். முன் சீட்டுல உக்காந்து தூரத்துல பாக்கச் சொல்லுங்க, போன் பாக்கவே கூடாது.

எங்க பாட்டி காலத்துல மலைமேல போறதுன்னா நடைதான். கீழ இருந்து உப்பு, கருவாடு, துணி எல்லாம் தலைச்சுமையா மேல போகும், மேல இருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் அதே மாதிரி தலையில கீழ வரும்னு பாட்டி சொல்லும். பலாப்பழம் ஒண்ணத் தலையில வச்சுக்கிட்டு அந்த சரிவுல வெறுங்கால்ல இறங்குறத நினைச்சுப் பாருங்க. வளைவுல ஒரு நிமிஷம் வண்டி நின்னாலே ஹாரன அமுக்குற நமக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): அண்ணா, கொல்லிப்பாவை சிரிச்சே ஆளைக் கொல்லும்னு ரீல்ஸ்ல போடறாங்களே, அது நிஜமா? மலைமேல கோயில் இருக்கா?

பதில்: கோயில் இருக்கும்மா, எட்டுக்கை அம்மன் கோயில்னு கேட்டாதான் மலைமேல வழி சொல்லுவாங்க. சிரிச்சுக் கொல்றது மக்கள் வாய்வழியா வந்த கதை, கேக்க நல்லாத்தான் இருக்கு, அதை நான் குறை சொல்லல. ஆனா நீங்க தமிழ் படிக்கற பொண்ணுன்னா நற்றிணை 201ஆவது பாட்டை எடுத்துப் பாருங்க. காத்து மோதி இடிச்சாலும், மழை வேகமா அடிச்சாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு கெடாத பாவை கொல்லிமலையில இருக்கு, என் மனசுக்குள்ள இருக்கற பொண்ணும் அந்த மாதிரி, எதாலயும் அழிக்க முடியாதுன்னு ஒருத்தன் சொல்றான். அங்க பாவை யாரையும் கொல்லல, எதுக்கும் அசையாம நிக்குது. எனக்கு ரீல்ஸ் கதைய விட இதுதான் உடம்பு சிலிர்க்க வைக்குது.

அதே பாட்டுல இன்னொரு வரி இருக்கு, "செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி". சிவந்த வேர் இருக்கற பலா மரத்தால வளமான கொல்லின்னு அர்த்தம். அகநானூறு 209லயும் இதே வரி வரும், இந்த மலைய ஆண்ட ஓரியக் கொன்னு, முள்ளூர் மன்னன் காரி இதை சேரனுக்குக் குடுத்த விஷயத்தைச் சொல்ற இடத்துல. பாட்டு எழுதி கிட்டத்தட்ட 2000 வருஷம் ஆச்சு, அரசனுங்க வந்தாங்க போனாங்க, இன்னிக்கும் சோளக்காடு சந்தைக்கு சீசன்ல போனீங்கன்னா பலாப்பழ வாசனைதான் முதல்ல மூக்குல ஏறும். பாவைய பாக்கப் போறவங்க அந்தப் பலா மரத்தையும் ஒரு நிமிஷம் நின்னு பாக்கணும்னு எனக்கு ஆசை.

கேள்வி (கோவை வாசகர்): மலைமேல இருக்கறவங்கள மலையாளின்னு சொல்றாங்களே, கேரளாவுல இருந்து வந்தவங்களா? தமிழ் பேசுவாங்களா?

பதில்: இல்லைங்க, கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்ல. மலையை ஆளுறவங்க, மலையாளி, அவ்வளவுதான். பட்டியல் பழங்குடி மக்கள், பேசுறது தமிழ்தான், நம்ம கிட்ட இல்லாத பழைய சொல்லு நிறைய அவங்க பேச்சுல இருக்கும். இவங்களோட பூர்வீகக் கதைல முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க, அண்ணன் தம்பி மூணு பேர் ஆளுக்கொரு மலைக்குப் போனாங்க, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலைன்னு. அதனால அந்த மலைங்கள்லயும் மலையாளி மக்கள் இருக்காங்க, கல்வராயன் ஜவ்வாது பக்கமும் இருக்காங்க.

ஊரை இவங்க பிரிச்சு வச்சிருக்கறது நாடு நாடா. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடுன்னு போகும். ஒவ்வொரு நாட்டுக்குள்ளயும் பட்டி பட்டியா சின்னச் சின்ன ஊரு, சில ஊர்ல இருபது முப்பது வீடுதான். வீடெல்லாம் ஒண்ணா நெருக்கமா இருக்கும், சுத்தி வயல், அதுக்கு மேல மேட்டு நிலம், அதுக்கும் மேல காடு. பள்ளத்துல தண்ணி ஓடுற இடத்துல நெல்லு, மேட்டுல சாமை கேழ்வரகு. ஊருக்கு ஊர்க்கவுண்டர் இருப்பார், திருவிழா, தகராறு, கல்யாணம் எல்லாத்துக்கும் அவர் பேச்சு முக்கியம். சில ஊர்ல கோயில் காடுன்னு ஒரு தோப்பு இருக்கும், அதுல மரம் வெட்ட மாட்டாங்க, சில இடத்துல செருப்போட உள்ள போகவே கூடாது, நீங்க போட்டோ எடுக்கப் போனா கேட்டுட்டுப் போங்க. நம்மள்ல நிறைய பேர் இந்த மக்கள் வீட்டு வாசல்ல நின்னு, கேக்காம குழந்தைங்கள போட்டோ எடுத்துட்டுப் போறோம், எனக்கு அதைப் பாக்க ரொம்ப கஷ்டமா இருக்கு. நம்ம தெருவுல யாராவது வந்து அப்படி எடுத்தா சும்மா இருப்போமா?

கேள்வி (திருச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர்): எனக்கு 67 வயது. ஆடிப் பதினெட்டுக்கு ஆகாய கங்கை அருவியில குளிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. படி நிறைய இருக்குன்னு சொல்றாங்க. முடியுமா?

பதில்: ஐயா, படி ஆயிரத்துக்கும் மேல இருக்கு, செங்குத்தா இருக்கும், இறங்குறது சுலபம், ஏறி வர்றதுதான் கஷ்டம். மூட்டு வலியோ நெஞ்சு பிரச்சினையோ இருந்தா தயவுசெஞ்சு வேணாம். அறப்பளீஸ்வரர் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு பக்கத்துல ஓடுற ஐயாத்துத் தண்ணியில கால நனைங்க, அதே தண்ணிதான் கீழ போய் 300 அடி அருவியா விழுது. அங்க இருந்து புளியஞ்சோலை பக்கம் இறங்கி உங்க திருச்சி மாவட்டத்துக்குத்தான் வருது, கடைசியில காவிரியோட சேருது. மலைமேல மழை பெஞ்சா புளியஞ்சோலையில தண்ணி வரும், அதனால நீங்க கீழ புளியஞ்சோலையில குளிச்சாலும் கொல்லிமலைத் தண்ணியிலதான் குளிக்கறீங்க.

ஆடி 17, 18 ரெண்டு நாளும் வல்வில் ஓரி விழா நடக்கும், கூட்டம் தாங்காது. செம்மேட்டுல ஓரி குதிரை மேல உக்காந்த மாதிரி சிலை இருக்கு. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு துளைச்சுக்கிட்டுப் போனதா வன்பரணர் புறநானூறு 152ல பாடியிருக்கார், நீங்க ஆசிரியர், உங்களுக்குத் தெரியாததில்ல. படி இறங்கியே தீருவேன்னு நினைச்சீங்கன்னா ஆடிக் கூட்டத்துல வேணாம், மழை இல்லாத வார நாள்ல, காலையில, கூட ஒரு ஆளோட. மழை நேரத்துல படி வழுக்கும், அருவிக்குப் போக விடவும் மாட்டாங்க.

கேள்வி (ஈரோடு வாசகி): முடவாட்டுக்கால் கிழங்கு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி சூப் வச்சேன், மாமியாருக்கு மூட்டு வலி. மாத்திரைய நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்தக் கூடாதும்மா. சூப் குடுங்க, ருசியா இருக்கும், மிளகு சீரகம் தட்டிப் போட்டு வச்சா மழைக்கு நல்லா இருக்கும், ஆனா மாத்திரைய நிறுத்தறது டாக்டர் சொல்லித்தான். மலைமேல வியூ பாயின்ட் பக்கமெல்லாம் இந்த சூப் கடை இருக்கு, நானும் போகும்போதெல்லாம் குடிப்பேன்.

ஒரு விஷயம் யோசிங்க. இது வயல்ல போட்டு விளையற கிழங்கு இல்ல. பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற ஒரு வகை பெரணிச் செடியோட தண்டு. ஆட்டுக்கால் மாதிரி ரோமம் ரோமமா இருக்கறது அதனாலதான். பாறையில ஒட்டி அது கைக்கு ஆகுற அளவு வளர வருஷம் பிடிக்கும். முன்னாடி மலைக்காரங்க தேவைக்குக் கொஞ்சமா எடுத்துட்டு மீதிய விட்டுட்டு வருவாங்க, இப்ப பார்சல் பார்சலா ஊர் ஊருக்குப் போகுது. மலைக்குப் போகும்போது சந்தையில அந்த ஊரு அம்மாகிட்ட ஒரு வேளைக்கு ஆகுறத வாங்குங்க, கிலோ கணக்குல ஆர்டர் பண்ண வேணாம்.

கேள்வி (சேலம் வாசகி): டயட்டுக்கு சாமை வாங்கறோம், கொல்லிமலை சாமைன்னு போட்டா விலை ஜாஸ்தி. அது என்ன ஸ்பெஷல்? மலைமேல போனா எங்கயும் சாமைக் காட்டையே காணோம், எல்லாம் குச்சிக்கிழங்கா, அதான் மரவள்ளியா இருக்கே?

பதில்: கண்ணத் திறந்து பாத்துட்டு வந்திருக்கீங்க தங்கச்சி, மலைக்குப் போற நிறைய பேர் கேக்காத கேள்வி இது.

கொல்லிமலை சாமைன்னு சொல்றோமே, அது ஒரே சாமை கிடையாது. கட்டவெட்டி சாமை, திருகுள சாமை, மல்லியச் சாமைன்னு ரகம் ரகமா இருந்துச்சு, ஒண்ணு சீக்கிரம் விளையும், ஒண்ணு நாள் எடுக்கும், ஒண்ணு கல்லுக்காட்டுக்கு ஆகும். தினையிலயும் செந்தினை, மூக்கான் தினை, கேழ்வரகுல சுருட்டைக் கேழ்வரகு, கருமுழியான்னு தனித்தனி. எந்த மேட்டுல எதைப் போடணும்னு வீட்டுப் பொம்பளைங்களுக்குத்தான் தெரியும், விதையப் பாதுகாத்து வச்சதும் அவங்கதான். சாமைக் காட்டுல ஊடால கடுகும் அவரையும் போடுவாங்க, ஒண்ணு போனாலும் ஒண்ணு கைகுடுக்கும், உரம் மருந்துன்னு கடையில வாங்க எதுவும் இல்ல.

அப்புறம் ஏன் போச்சு? மலைக்கு ரோடு வந்துச்சு, சேலம் நாமக்கல் ராசிபுரம் பக்கம் சேகோ ஃபேக்டரிங்க இருந்துச்சு, ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் கிழங்கு வேணும், வியாபாரி லாரியோட மேலயே வந்து பணத்தைக் கையில குடுத்தார். சாமைக்கு அப்படி யாரும் வரல. ரேஷன் அரிசியும் வந்துச்சு. இதை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க: உரலு. சாமையோட உமி லேசுல விடாது, நெல்லு மாதிரி மில்லுல போட்டு எடுக்கவும் வசதி இல்ல, விடிகாலையில எந்திரிச்சு ரெண்டு பொம்பளைங்க மாத்தி மாத்தி உலக்கை போட்டு, முறத்துல புடைச்சு, திரும்பவும் குத்தி, புடைச்சு, அப்புறம்தான் ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளை சோறு. பகல் முழுக்க காட்டு வேலை செஞ்ச உடம்பு. ரேஷன் அரிசி வந்ததும் அந்த உலக்கைய ஓரமா சாத்தி வச்ச பொம்பளையக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, உங்களுக்கும் வரக்கூடாது. பாரம்பரியத்த விட்டுட்டாங்கன்னு மேடையில பேசுறவங்க யாரும் உலக்கை பிடிச்சிருக்க மாட்டாங்க.

இதைப் புரிஞ்சுக்கிட்டு வேலை செஞ்சது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990கள்ல இருந்து மலையில இருக்காங்க, பழைய ரகங்களச் சேர்த்து ஊர் அளவுல விதை வங்கி வச்சாங்க, கூடவே ஊருக்குள்ளயே உமி நீக்குற சின்ன மிஷின வச்சு மகளிர் குழு கையில குடுத்தாங்க, மாவு, அவல், மிக்ஸுன்னு செஞ்சு கீழ விக்கவும் வழி பண்ணாங்க. விதைய மட்டும் குடுத்திருந்தா ஒண்ணும் நடந்திருக்காது, மிஷின் வந்ததாலதான் கொஞ்சமாவது சாமை நின்னுச்சுன்னு நான் நினைக்கறேன்.

கிழங்குக்கு இன்னொரு பக்கம் இருக்கு. பத்து மாசம் கிட்ட சரிவு நிலத்துல நிக்கும், பிடுங்கும்போது மண்ணு முழுக்கக் கிளறி விட்டுப் போயிடும், அடுத்த மழைக்கு அந்த மேல்மண்ணு எல்லாம் ஓடையில. செங்காவி கலர்ல ஓடை ஓடுறத நீங்களே பாத்திருப்பீங்க. தேமல் நோய் ஏற்கனவே இருந்துச்சு, 2020ல இருந்து மாவுப்பூச்சி வேற தமிழ்நாட்டுக் கிழங்குக்கு வந்துடுச்சு. விலையும் ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் பிடுங்குற கூலிக்கே கட்டாது. ஆனாலும் ஜனங்க ஏன் போடறாங்கன்னா ஸ்கூல் ஃபீஸும் ஆஸ்பத்திரி செலவும் காசாத்தான் கட்டணும், சாமைய மூட்டை கட்டி எடுத்துட்டுப் போய்க் கட்ட முடியாது. அதனால விலை ஜாஸ்தின்னு யோசிக்காதீங்க, யாருக்குப் போகுதுன்னு மட்டும் கேளுங்க. மகளிர் குழு பாக்கெட்டா இருந்தா கண்ண மூடிட்டு வாங்குங்க, சாமைப் பொங்கலும் அவரைக்கொட்டைக் குழம்பும் வச்சு ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க, டயட்டு ஞாபகமே வராது.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனியில வேலை செய்யும் வாசகர்): அண்ணா, எனக்கு ஊரு கொல்லிமலைதான். வயசு 24. அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் மேட்டு நிலம். அப்பா எப்பவும் போல கிழங்கு போடலாம்கறார். அம்மா கொஞ்சத்துல சாமை போடணும்னு சொல்லுது, பாட்டி இருந்தவரைக்கும் போட்டோம். நிலத்த ரிசார்ட்டுக்குக் கேட்டும் ஆள் வர்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?

பதில்: தம்பி, உங்க கடிதத்த மூணு தடவை படிச்சேன். விக்கறத மட்டும் இப்ப பேசவே வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. வித்த காசு பைக்கும் வீடுமா ரெண்டு வருஷத்துல கரைஞ்சிடும், அதுக்கப்புறம் சொந்த நிலத்துல கட்டுன ரிசார்ட்டுல வாட்ச்மேனா நிக்கறவங்கள நானே பாத்திருக்கேன், அவங்க முகத்தைப் பாத்துப் பேச என்னால முடியல.

அப்பா சொல்றதும் தப்பில்ல, வீட்டுக்குக் காசு வேணும். அதனால முழுசா மாத்தச் சொல்லல. ஒன்றரை ஏக்கர்ல அவர் நினைக்கறதப் போடட்டும், ஆனா சரிவுக்குக் குறுக்கால கல்லு வரப்பு கட்டச் சொல்லுங்க, மண்ணு நிக்கும். ஓரத்துல சில்வர் ஓக் இருந்தா மிளகுக்கொடி ஏத்தி விடுங்க, மூணு நாலு வருஷத்துல காசு வர ஆரம்பிக்கும், கொல்லிமலை மிளகுக்கு எப்பவும் கேக்கற ஆள் இருக்கு. மீதி அரை ஏக்கர அம்மாவுக்கு விட்டுடுங்க. சாமையும், ஊடால அவரையும் கடுகும். அதுல லாபம் எவ்வளவுன்னு முதல் வருஷம் கணக்குப் போடாதீங்க, வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தா போதும். கிழங்கு விலை விழுற வருஷம் அந்த அரை ஏக்கர்தான் அடுப்பெரிக்கும்.

விதைக்கு கடைக்குப் போக வேணாம். குதிர்லயோ பழைய பானையிலயோ பாட்டி வச்ச விதை மீதி இருக்கான்னு அம்மாகிட்ட கேளுங்க, இருந்தாலும் ரொம்ப வருஷமாகியிருந்தா முளைக்காது, ஒரு கைப்பிடிய ஈரத் துணியில கட்டி வச்சு முளைக்குதான்னு பாத்துட்டு விதைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பக்கத்து ஊர்ல விதை வங்கி நடத்துற குழு இருக்கான்னு விசாரிங்க, வாங்குனதுக்கு மேல கொஞ்சம் சேத்து அறுப்புக்கப்புறம் திருப்பிக் குடுக்கறதுதான் அங்க வழக்கம். குத்துறத நினைச்சு அம்மா பயப்பட வேணாம், உமி நீக்குற மிஷின் எந்த ஊர்ல ஓடுதுன்னு விதை குடுக்கறவங்களே சொல்லுவாங்க. முடிஞ்சா விதைப்புக்கு நாலு நாள் லீவு போட்டுட்டு நீங்களும் போங்க, எந்த விதைய எந்த மேட்டுல போடணும்னு அம்மா சொல்லும்போது பக்கத்துல நின்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க.

உங்க ஊரு எந்த நாட்டுல இருக்குன்னு எழுதல. எழுதிப் போடுங்க, ஆடிக்கு மேல வரும்போது அம்மாவப் பாத்துட்டு அந்தக் காட்டையும் பாத்துட்டு வரேன்.